முகம் மாறிய காசுகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





இவ்வாண்டு விழாவில் இளைஞர் சார்பில் ஒருவர் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, "எதைப்பற்றிப் பேசப்போகிறீர்?" என்றும் கேட்டார். "காசைப்பற்றி" என்றேன். "அப்படியானால் உம்மை நிதிக்குழுவிற் சேர்த்துவிடவேண்டியதுதான்" என்று சிரித்தார். நான் பேசவந்தது சேர்த்துவைக்கும் பணத்தைப்பற்றியன்று. பிழையாக அடிக்கப்பட்ட காசுகளைப்பற்றி. ஒரு பக்கத்துக்கு உரிய முகம் ஒன்றிருக்க, வேறொரு காசின் முகம் அவ்விடத்தில் வந்து அமர்ந்துவிட்ட காசுகளைப்பற்றி. அத்தகைய காசு ஒன்று என் கைக்கு வந்தது. அது வந்த கதையையும், போன கதையையும் சொல்லுமுன், அந்தக் காசுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைச் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

நான் நெடுந்தீவான். எங்கள் தீவின் குதிரைகளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெட்டையில் மேய்கின்றன. குதிரைலாயத்தின் இடிபாடுகளும் நிற்கின்றன. மன்னாரிலே கழுதைகள் திரிவதையும் பலர் கண்டிருப்பீர்கள். குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. காசு சேர்ப்போர் இரு வேறு காசுகளின் அச்சுகள் சேர்ந்து பிறந்த காசுக்கு அந்தப் பிராணியின் பெயரையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். நாமும் வேண்டுமானாற் 'கோவேறு காசு' என்று சொல்லலாம். தகப்பன் ஓரினம், தாய் ஓரினம். ஆனாற் பிறந்தது ஓர் உடல்.

இந்த ஆசை எனக்கு வந்தது ஒரு வகுப்பறையில். நான் கிறித்தவ மிசன் பாடசாலையொன்றிற் படித்தவன். "வீட்டிலே தேவாரம், பள்ளியிலே சங்கீதம், எங்கள் பெடியனுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு" என்று என் மாமா பகிடி பண்ணுவார். அப்பாடசாலையில் ஒருநாள், வரி கொடுப்பது முறையோ என்று கேட்டவர்களிடம் இயேசுநாதர் ஒரு காசைக் கொண்டுவரச் செய்து, அதில் இருப்பது யாருடைய முகமென்று வினாவிய கதையை ஆசிரியர் சொன்னார். நான் எழுந்து, "சேர், ஒரு பக்கத்தில் ஒருவருடைய முகமும் மறு பக்கத்தில் வேறொருவருடைய முகமும் இருந்தால் அது யாருடைய காசு?" என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதற்குள் அவர் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த காசுகள் இருந்தன. அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

காசு எப்படி அடிக்கப்படுகிறது? உலோகத் தகட்டிலிருந்து வெறும் வட்டங்கள் வெட்டி எடுக்கப்படும். பொறியிலே கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. வெறும் வட்டம் இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும். மேலச்சு பெரும் பாரத்தோடு இறங்கும். ஒரே அடியில் இரு பக்கமும் பதிந்துவிடும். ஒரு பக்கத்தைத் 'தலை' என்கிறோம், மற்றதைப் 'பூ' என்கிறோம். ஓர் அச்சு என்றைக்கும் உழைக்காது. தேய்ந்ததும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டவேண்டும். அவ்வாறு மாட்டும்போது, பக்கத்துத் தட்டிலிருந்து ஏறக்குறைய அதே அளவான வேறொரு காசின் அச்சைத் தொழிலாளி எடுத்து மாட்டிவிட்டால் முடிந்தது காரியம். பொறிக்குக் கண் இல்லை. அது பாட்டுக்கு அடித்துத் தள்ளும்.

ஒரு பெரிய உதாரணம் சொல்கிறேன். 1967ஆம் ஆண்டு யூலை மாதம் நியூசிலாந்து தசம நாணயமுறைக்கு மாறியது. அதற்கான காசுகளுள் 2 சதக் காசு இங்கிலாந்தின் அரச நாணயசாலையில் அடிக்கப்பட்டது. அந்தச் சாலை அக்காலத்தில் இலண்டனில் இருந்தது. பல நாடுகளுக்கு அங்கேதான் காசு. நம் இலங்கைக்கும் அங்கே அடித்திருக்கிறார்கள். அதே காலத்திற் பகாமாத் தீவுகளுக்கும் 5 சதக் காசு அடிக்கப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். இரண்டிலும் தலைப்பக்கத்தில் அதே எலிசபெத் இராணி. சுற்றி எழுதிய நாட்டின் பெயர் மட்டுமே வேறு. யாரோ ஒருவர் அச்சை மாற்றி மாட்டிவிட்டார். நியூசிலாந்து மக்கள் புதுக்காசைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, பூப்பக்கத்தில் தங்கள் நாட்டுக் கௌஹாய்ப் பூவும் 2 என்ற எண்ணும். தலைப்பக்கத்திலோ பகாமாத் தீவுகள் என்ற பெயர்! பசிபிக் சமுத்திரத்து நாட்டுக்கும் அத்திலாந்திக் சமுத்திரத்துத் தீவுக்கும் ஒரு வெண்கலக் காசிலே சம்பந்தம் நடந்துவிட்டது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடந்தது இதைவிட விநோதம். அவ்வாண்டிற்றான் அங்கே பொன்னிறமான புதிய ஒரு டொலர்க் காசு வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்திற் பூர்வகுடிப் பெண்ணொருத்தி, மறுபக்கத்திற் பறக்கும் கழுகு. அக்காசுகள் சிலவற்றில் அப்பெண்ணின் இடத்திலே வாஷிங்டனின் தலை வந்துவிட்டது. அது கால் டொலர்க் காசுக்குரிய தலை. ஆக, ஒரு பக்கம் கால் டொலர், மறு பக்கம் ஒரு டொலர். கண்டெடுக்கப்பட்டவை ஏறத்தாழ இருபதுதான். ஏலத்திலே ஒன்று இலட்சம் டொலரைத் தாண்டி விலைபோயிருக்கிறது.

இவற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். இப்பிழைகள் பெரும்பாலும் மாற்றகாலங்களிலேயே நேர்கின்றன. நியூசிலாந்து நாணயமுறையை மாற்றியபோது ஒன்று. அமெரிக்கா புதுக்காசு வெளியிட்டபோது ஒன்று. இங்கிலாந்திலே 2 பென்ஸ் காசில் 'புதிய பென்ஸ்' என்றிருந்ததை 1982இல் 'இரண்டு பென்ஸ்' என்று மாற்றினார்கள். 1983ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றிற் பழைய 'புதிய பென்ஸ்' மீண்டும் தலைகாட்டிவிட்டது. பழைய அச்சும் புதிய அச்சும் ஒரே அறையில் இருக்கும் நாட்களிலே கவனம் இருமடங்கு வேண்டும். இது காசுக்கு மட்டுமா பொருந்தும் என்று பெரியோர்கள் நினைக்கலாம். அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி எங்கள் கதைக்கு வேண்டிய காசு. இங்கிலாந்தின் 20 பென்ஸ் காசு 1982இல் வெளிவந்தது. ஏழு மூலை கொண்டது. எடை சரியாக 5 கிராம். பழைய காசில் இராணியின் தலை ஒரு பக்கம். முடிசூடிய ரோசாப்பூ மறு பக்கம். ஆண்டு எண் பூப்பக்கத்தில் இருந்தது. 2008இல் எல்லாச் சில்லறைக் காசுகளின் கோலத்தையும் மாற்றினார்கள். ரோசாப்பூ போய், அரச கேடயத்தின் ஒரு துண்டு வந்தது. அங்கே ஆண்டுக்கு இடமில்லாமையால், ஆண்டு எண்ணை இராணியின் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு தொகுதிக் காசுகளுக்குப் பழைய இராணியும் புதிய கேடயமும் சேர்ந்துவிட்டன. பழைய இராணியின் பக்கத்தில் ஆண்டு இல்லை; புதிய கேடயத்தின் பக்கத்திலும் ஆண்டு இல்லை. விளைவு, ஆண்டே இல்லாத காசு! முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தில் ஆண்டு இல்லாத காசு புழக்கத்துக்கு வந்ததில்லை என்றார்கள். நாணயசாலை 2009இல் அதை ஒப்புக்கொண்டது. எண்ணிக்கை இரண்டரை இலட்சத்துக்கு மேற்படாது என்றும், காசு செல்லுபடியாகும் என்றும், அதன் பெறுமதி அதே 20 பென்ஸ்தான் என்றும் அறிவித்தது. ஆனால் ஒரு தனியார் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 50 பவுண் தருவதாகச் சொன்னது. அதாவது இருநூற்றைம்பது மடங்கு.

பிழைக்கு இத்தனை விலையென்றால், பிழையைச் செய்துவிற்க ஆட்கள் வராமலிருப்பார்களா? என் ஆசிரியரின் தகரத்திலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ரூபாய் ஒன்று இருந்தது. இருபக்கமும் மன்னரின் தலை. இளமையிற் கொழும்பிலே ஒரு வியாபாரியிடம் அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினாராம். அது ஒரு செப்படிவித்தைக்காரன் காசு. ஒரு காசின் உள்ளைக் குடைந்தெடுத்து, மற்றொன்றின் ஓரத்தைச் சீவிக் குறைத்து, அதற்குள் இறுக்கிச் செய்தது. அவர் அதை எறிந்துவிடவில்லை. "இதுதான் என்னுடைய மிகவும் விலையுயர்ந்த காசு. இது எனக்குப் படிப்பித்த பாடத்தை வேறெதுவும் படிப்பிக்கவில்லை" என்பார்.

இளைஞர்களுக்காக அந்தப் பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, நிறுத்துப் பாருங்கள். பொற்கொல்லரின் தராசு போதும். ஜோர்ஜ் மன்னரின் ரூபாய் 11.66 கிராம் இருக்கவேண்டும். குடைந்து செய்தது அந்த எடைக்கு நிற்பது அரிது. இரண்டாவது, கல்லின்மேல் மெல்லப் போட்டு ஓசையைக் கேளுங்கள். முழுக்காசு மணிபோல ஒலிக்கும்; ஒட்டுக்காசு சட்டியைத் தட்டியதுபோலச் செத்த ஓசை தரும். மூன்றாவது, விளிம்பின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியாற் பாருங்கள். ஒட்டிய இடம் மயிரிழைபோலத் தெரியும். நான்காவது, தலை மேலே நிமிர்ந்து நிற்கக் காசைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்புங்கள். இங்கிலாந்துக் காசானால் மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்கும். அமெரிக்கக் காசானால் தலைகீழாக நிற்கும். மெய்யான பிழைக்காசும் பெரும்பாலும் தான் பிறந்த சாலையின் வழக்கத்தை மீறாது. இருபுறமும் தலையென்றால் பத்துமுறை ஐயப்படுங்கள். பல நாணயசாலைகளில் மேலச்சின் இடத்திற் கீழச்சுப் பொருந்தாதவாறே அவற்றை அமைத்திருப்பார்கள்.

நம் மண்ணின் காசுகளையும் ஒரு வார்த்தை சொல்லாமற் போகலாகாது. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசுகளிலே ஒரு பக்கம் நிற்கின்ற மனித உருவம். மறு பக்கம் படுத்திருக்கும் நந்தி, அதனோடு 'சேது' என்ற தமிழெழுத்து. நிற்கும் உருவம் அதற்கு முன்னரே இராசராச சோழனின் காசுகளிலும் இலங்கை மன்னர் காசுகளிலும் வழங்கி வந்தது. பழைய பழக்கமான முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தங்கள் நந்தியை மறுபக்கம் வைத்தார்கள். இது பிழையன்று; வேண்டிச் சேர்த்தது. தெரிந்து சேர்த்தால் அது மரபு. தெரியாமற் சேர்ந்தால் அது பிழை. ஏமாற்றச் சேர்த்தால் அது களவு. இரு பக்கம் வேறாயிருப்பது மட்டும் குற்றமாகாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி, நான் சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறேன்.

2010ஆம் ஆண்டு, எனக்கு ஏழு வயதாக இருக்கையிற் கடுமையான காய்ச்சல் வந்தது. ஏழு நாள் ஆசுபத்திரியிற் கிடந்தேன். அப்போது பாதை திறந்து, வெளிநாட்டு உறவினர் ஊருக்கு வரத் தொடங்கிய காலம். இலண்டனிலிருந்து சின்னம்மா வந்திருந்தார். அம்மம்மா நயினை நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். மஞ்சட் துணியில் முடிய ஒரு காசு வேண்டும். மடியில் இருந்தவை எல்லாம் தாள்கள். சின்னம்மா தம் கைப்பையைத் துழாவி ஏழுமூலைக் காசொன்றை எடுத்து, "இதுவும் காசுதானே, அம்மா" என்று கொடுத்தார். அம்மம்மா அதை வாங்கி முடிந்து சுவாமியறையிற் கட்டினார். "இவன் எழும்பவேணும், வளர்ந்து படிச்சுப் பல்கலைக்கழகம் போகேக்கை தன்ரை கையாலை கொண்டுவந்து போடுவான்" என்பது நேர்த்தி.

நான் எழும்பினேன், வளர்ந்தேன், பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி கிடைத்தது. ஆனி மாதத்து உற்சவத்துக்குப் போகலாமென்று நாட்குறித்தோம். "துணி உக்கிப்போச்சு, மோனை. புதுத்துணியிலை முடி" என்று அம்மம்மா சொல்ல, நான் முடிச்சை அவிழ்த்தேன். காசை விளக்கடியிற் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இராணி, ஆண்டு இல்லை. திருப்பினேன். கேடயம், ஆண்டு இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போதும் உணர்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக எங்கள் சுவாமியறையில் நான் நாள்தோறும் கும்பிட்ட துணிக்குள், நான் புத்தகங்களில் மட்டும் படித்த காசு இருந்திருக்கிறது!

பொற்கொல்லரிடம் ஓடி நிறுத்தேன்: 5 கிராம். ஓரமெல்லாம் பார்த்தேன், ஆண்டைச் சுரண்டி அழித்த அடையாளம் இல்லை. மெய்யான காசுதான்.

என் சேகரத்தில் 1997ஆம் ஆண்டின் 20 பென்ஸ் காசொன்று இருந்தது. அன்றிரவு அதைப் புதிய மஞ்சட் துணியில் முடிந்து சுவாமியறையிற் கட்டினேன். ஆண்டில்லாத காசை என் பெட்டியில் வைத்தேன்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயங்களைக் கேளுங்கள். இருபது பென்சுக்கு இருபது பென்ஸ். அம்மன் உண்டியலுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அந்நியநாட்டுச் சில்லறையை இங்கே மாற்றுவதும் எளிதன்று. உண்டியலில் விழுந்தால் அது எங்கேனும் ஒரு மூலையிற் கிடக்கும். நான் வைத்திருந்தாற் பத்துப்பேருக்குக் காட்டலாம், அறிவு வளரும். போதாததற்கு, சின்னம்மா கொடுத்தது எனக்காகத்தானே. ஆதலால் அது என் காசு. நியாயம் ஒன்றாயிருந்தால் நம்பலாம். நான்கு நியாயம் தேடவேண்டியிருந்தபோதே நான் விழித்திருக்கவேண்டும்.

உற்சவத்துக்கு இன்னும் சில வாரம் இருந்தது. அந்நாட்களிலே நான் நயினாதீவுச் சாசனத்தைப்பற்றிப் படிக்க நேர்ந்தது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அக்கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்தது. அவன் 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்டவன். பின்னாளிற் பேராசிரியராக விளங்கிய கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் அதை விளக்கி எழுதியிருக்கிறார். பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்கவேண்டும். அவர்களைக் காக்கவேண்டும் என்பது அதன் ஒரு கட்டளை. அடுத்தது கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு கூறு அரசன் பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. பிற வாணிபப் பண்டம் கொண்டுவந்த கப்பலானாற் சரிபாதி.

நான் இதை மும்முறை படித்தேன். நம் தீவுக்கரையிலே குதிரை ஒதுங்கினால், ஒதுங்கிய கரை நம்முடையது. ஆயினும் குதிரையின் பெருங்கூறு அதைக் கொண்டுவந்தவனுடையது. உடைந்த பொருளென்றாலும் உடையவன் உடையவனே. மன்னனே கூறுபோட்டுத்தான் எடுத்தான், முழுவதையும் எடுக்கவில்லை. அதிட்டவசமாகக் கைக்கு வந்த பொருள் யாருடையது என்ற கேள்விக்கு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விடை கல்லிலே வெட்டப்பட்டு, நான் போகவிருந்த அதே கோயிலில் நிற்கிறது! நானோ அரசனும் எடுக்காததை எடுத்து என் பெட்டியில் வைத்திருந்தேன்.

ஆனாலும் உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னாற் பொய்யாகும். மேலும் சில நாட்கள் ஒவ்வோர் இரவும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதல்நாள் இருந்த ஆனந்தம் நாளுக்குநாள் தேய்ந்தது. யாருக்கும் காட்டமுடியவில்லை. என் ஆசிரியருக்குக்கூடச் சொல்லமுடியவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வேன்? காசு சேர்ப்பவனுக்குக் காசைவிட அது வந்த வரலாறு முக்கியம். என்னிடம் காசு இருந்தது. சொல்லத்தக்க வரலாறு இல்லை.

பத்தொன்பதாம் நாள் அம்மம்மாவிடம் சொன்னேன். அவர் திண்ணையிலிருந்து பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. நான் விலையையும் சொன்னேன். ஐம்பது பவுண் என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் காசு பிழையான காசு எண்டோ சொல்லுறாய்?"

"ஓம், அம்மம்மா. அடிக்கேக்கை பிழைச்சுப்போச்சு."

"பிழைச்ச காசைத்தான் நான் அவவுக்குக் குடுத்தனான். அவ பிழைபாக்காமல் உன்னைத் தந்தவ. இப்ப நீ நல்ல காசெண்டு வேறை ஒண்டைக் கட்டிவைச்சிருக்கிறாய்."

சிறிது நேரம் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலும் சொன்னார்: "வேணுமெண்டால் நீயே வைச்சிரு, மோனை. எனக்கு அந்தக் காசு என்ன, இந்தக் காசு என்ன. எது தன்ரை காசெண்டு அம்மாளாச்சிக்குத் தெரியும். உனக்கும் தெரியவேணும், அவ்வளவுதான்."

ஏசியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். வைத்திரு என்று சொன்னபிறகு வாதாட ஒன்றுமில்லை.

அன்றிரவு காசின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து இருபக்கப் பதிவையும் என் குறிப்புப் புத்தகத்தில் எடுத்துக்கொண்டேன். எடை, அகலம், எப்போது, யார் கையிலிருந்து, எதற்காக வந்தது என்று கீழே எழுதினேன். பின்னர் அதையே புதிய துணியில் முடிந்தேன். ஆனி உற்சவத்தில் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு, குறிகட்டுவானில் இறங்கி, மறு படகேறி நயினாதீவு சேர்ந்து, என் கையாலேயே உண்டியலிற் போட்டேன். விழுந்த ஓசை கேட்டது. மற்றக் காசுகள் விழும் அதே ஓசைதான். அந்தக் காசு இப்போது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. என் சேகரத்தில் இருப்பது ஒரு பென்சிற் பதிவு மட்டுமே. ஆனால் அதை இன்று இந்த மேடையில் நின்று உங்களுக்குக் காட்டமுடிகிறது. பெட்டிக்குள் இருந்த காசை எவருக்கும் காட்டமுடியவில்லை.

பெரியோர்களே, என் பேச்சை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் தீவுகளில் ஒவ்வொரு வீட்டிலும் காசு இருக்கிறது. அலுமாரியிலும் சீலைத் தலைப்பிலும் சுவாமியறையிலும் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு, விக்டோரியா இராணியின் சதம், சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் கொண்டுவந்த காசு, இப்போது இலண்டன், பாரிஸ், ரொறன்ரோவிலிருந்து வரும் காசு எனப் பலவும் இருக்கும். இடம்பெயர்ந்த காலங்களில் எத்தனையோ போய்விட்டன. எஞ்சியவற்றையும் விலை பேசிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். நம் சங்கம் அவற்றை வாங்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். ஒரு பெரிய குறிப்பேடு மட்டும் வைப்போம். இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று, காசுக்கு உடையவர் முன்னிலையிலேயே பென்சிற் பதிவு எடுத்து, நிறுத்து, அது வந்த கதையைக் கேட்டு எழுதிவிட்டு, காசை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து வருவோம். கதை தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.

கிணறு வெட்டும்போதோ, தோட்டம் கொத்தும்போதோ சேதுக்காசு போன்ற பழங்காசு கிடைத்தால், அதை எடுத்து வைத்துக்கொள்ளவும் விற்கவும் நமக்கு உரிமையில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதை அரசுக்குரியதாக்கி, கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டுமென்று விதிக்கிறது. அதற்கும் மேலாக, கிடந்த இடத்திலிருந்து பெயர்த்து எடுத்த காசு பாதிக் கதையை இழந்த காசு. அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பதுதான் நம் மூதாதையரைப்பற்றி நமக்குச் சொல்வது.

தமிழிலே காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் இருக்கிறது. இரண்டையும் நாணயம் என்கிறோம். சிறுவயதில் அதைக் கேட்டு, என்ன விநோதமான மொழி, கொடுக்கல் வாங்கற் பொருளையும் குணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறதே என்று நினைத்ததுண்டு. பத்தொன்பது நாள் ஒரு காசை ஒளித்து வைத்திருந்தபிறகு, நம் முன்னோர் குழம்பவில்லை என்று அறிந்துகொண்டேன். காசின் இரு முகம் மாறிப்போனால் அதற்கு விலை ஏறுகிறது. மனிதனுக்கு அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் வீட்டுத் திண்ணையிலே கற்றுக்கொண்டேன்.

செயலாளர் அவர்கள் இன்னமும் விரும்பினால் நிதிக்குழுவிற் சேர ஆயத்தமாயிருக்கிறேன். என் குற்றத்தை இப்போது எல்லோரும் அறிந்திருப்பதால், கணக்கை இருமுறை பார்த்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையோடு.